பசியாறியாச்சா என்று கேட்டால் தெரியாது

2021 ஜூலை. மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டை மறுபடியும் இறுக்கி ஒரு மாதம் தாண்டியிருந்தது. நாடு முழுக்க வீடுகளில் வெள்ளைக் கொடி ஏற ஆரம்பித்த நேரம் அது. சாப்பாட்டுக்கு வழியில்லை என்றால் சன்னலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள், அக்கம்பக்கத்தார் வருவார்கள் என்பதுதான் ஏற்பாடு. கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் இருக்கும் ஒரு மலிவுவிலை அடுக்குமாடிக்கு நாங்கள் ஐந்து பேர் அரிசி, பருப்பு, முட்டை, சார்டின் டின் எல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு போனோம். ஒன்பதாவது மாடியில் கொடி கட்டியிருந்த வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பினால் எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பாட்டி, இரண்டு பேரப்பிள்ளைகள்.

“பசியாறிட்டீங்களா பாட்டி?” என்று கேட்டேன்.

“ஆச்சும்மா. நீ பசியாறினியா? தே ஓ கலக்கட்டுமா?”

டீ வேண்டாம் பாட்டி என்று சொல்லிவிட்டு லிப்ட் பக்கம் நடந்தேன். நான்காவது நாள் அந்தக் கொடி வீட்டுக்காரர் போன் செய்தார். பாட்டி மயங்கி விழுந்துவிட்டார், இனிப்புநீர் (சர்க்கரை நோய்) மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டிருக்கிறார். ஓடிப்போய்ப் பார்த்தபோது அடுப்படியில் அரிசி வாளி திறந்தே கிடந்தது. அளப்பதற்கு வைத்திருந்த பால் டின் வாளியின் அடியில் உட்கார்ந்திருந்தது, அதைச் சுற்றி ஒரு பிடி அரிசி. “பிள்ளைங்களுக்கு ரெண்டு டின் போடுவேன், இப்ப ஒண்ணு. எனக்கு பிஸ்கட் போதும்மா” என்றார். பேத்தி நடுவில் புகுந்து, “பாட்டி ரெண்டு வாரமா ராத்திரி சாப்பிடறதில்ல அக்கா” என்றது.

அப்போது நான் ஆறு வருடமாக உலகத்துப் பசியைக் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தேன். கோலாலம்பூரில் ஒரு மேசை, இரண்டு திரை. கிழக்கு ஆப்பிரிக்காவின் மழை, மேய்ச்சல் நிலம், சந்தை விலை, ஏமனில் இருந்து வரும் தொலைபேசிக் கணக்கெடுப்பு இதெல்லாம்தான் என் நாள். “பசியாறிட்டீங்களா” என்று எந்தப் படிவத்திலும் கேட்கக் கூடாது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். எதிர்வீட்டில் அதையே கேட்டுவிட்டு, கிடைத்த பதிலை நம்பி வந்துவிட்டேன். நம்மூரில் அது கேள்வியே இல்லை, வணக்கம் மாதிரி. யாரும் “இல்லை” என்று சொல்ல மாட்டார்கள். மானம் இருக்கிறது, வந்தவருக்குச் சங்கடம் தரக் கூடாது என்ற பண்பும் இருக்கிறது. சோமாலியாவிலும் ஏமனிலும் இதே கதைதான் என்று அங்கே கணக்கெடுக்கப் போகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வேறு எப்படிக் கேட்பது என்பதற்கு இந்தத் துறையில் ஐந்து கேள்விகள் உண்டு. கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் இப்படிச் செய்ய வேண்டி வந்தது என்று கேட்பார்கள். விருப்பமில்லாத, விலை குறைந்த சாப்பாட்டை வைத்துச் சமாளித்தது. கடன் வாங்கியோ சொந்தக்காரரிடம் கேட்டோ சாப்பிட்டது. தட்டில் போடுவதைக் குறைத்தது. பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று பெரியவர்கள் குறைத்துக்கொண்டது. வேளையைக் குறைத்தது. இதில் கடன் வாங்குவதற்கு நாளுக்கு 2 புள்ளி, பெரியவர்கள் விட்டுக்கொடுப்பதற்கு 3, மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்று. ஏழு நாளும் எல்லாம் நடந்தால் 56. மூன்று வரைக்கும் இருந்தால் பரவாயில்லை, நான்கிலிருந்து 18 வரை நெருக்கடியின் வாசல், 19-ஐத் தொட்டால் உள்ளே வந்துவிட்டார்கள் என்று பொருள்.

அடுத்த வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய்ப் பாட்டியிடம் உட்கார்ந்தேன். “போன வாரம் பூரா என்ன சமைச்சீங்க?” என்று ஆரம்பித்தால் கதை தானாக வருகிறது. ஏழு நாளும் கிச்சாப் (சோயா சாஸ்) ஊற்றிய சோறு அல்லது உடனடி மீ (நூடுல்ஸ்): 7. கீழ்மாடி அம்மாவிடம் இரண்டு நாள் அரிசி வாங்கியது: 4. அளவைக் குறைத்தது ஐந்து நாள்: 5. பாட்டி விட்டுக்கொடுத்தது நான்கு நாள்: 12. வேளை குறைந்தது ஐந்து நாள்: 5. மொத்தம் 33. நாங்கள் கொடுத்துவிட்டு வந்த கொடி வீட்டில் அதே கேள்விகளுக்கு 14 வந்தது. கொடி கட்டாத வீடு இரண்டு மடங்குக்கு மேல் மோசமாக இருந்திருக்கிறது. கொடி கட்டத் துணிந்தவர்கள் உதவியும் கேட்கத் துணிந்தவர்கள், அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து எந்த மாடிக்குப் போனாலும் கொடி இல்லாத கதவுகளையும் சேர்த்தே தட்டுகிறோம்.

தொண்டு வேலை செய்கிறவர்கள் இந்த ஐந்தையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். “கஷ்டமா இருக்கா?” என்று உணர்வைக் கேட்காமல், என்ன செய்தீர்கள் என்று செயலைக் கேளுங்கள். வாரா வாரம் ஒரே கிழமையில் கேளுங்கள், ஏனென்றால் சம்பளம் வந்த வாரமும் மாதக் கடைசியும் ஒன்றல்ல. கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். ஆண்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நாலாவது கேள்விக்கு உண்மை வராது. சமையல் செய்கிறவரை அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டால்தான் வரும்.

இந்தக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. கடன் கேள்வியின் எண்ணிக்கை குறைந்தால் நிலைமை தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடுக்க ஆளில்லாமல் போயிருக்கலாம். அடுத்த மாதம் பாட்டியின் கணக்கில் கடன் நாள் பூஜ்யம் ஆனது. கீழ்மாடி அம்மாவின் மகனுக்கும் வேலை போய்விட்டது என்பதுதான் காரணம். விட்டுக்கொடுக்கவும் குறைக்கவும் வீட்டில் ஒன்றுமே மிச்சமில்லாத கட்டத்தில் இந்த ஐந்து கேள்வியும் மழுங்கிவிடும். அப்போது வேறு மூன்று கேள்விகள்: வீட்டில் எந்தச் சாப்பாடும் இல்லாமல் இருந்ததா, ராத்திரி பசியோடு படுத்தீர்களா, ஒரு பகலும் ஒரு இரவும் முழுசாகச் சாப்பிடாமல் கழிந்ததா. இந்தக் கடைசிக் கேள்விக்கு அடிக்கடி “ஆமாம்” வரும் ஊர்களின் பட்டியல்தான் என் மேசையில் சிவப்பாகத் தெரியும்.

அந்தச் சிவப்பு எப்படி வருகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். செய்தியில் ‘பஞ்சம் அறிவிப்பு’ என்று வரும்போது பலரும் அதை ஒரு பேச்சுவழக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. 2004-இல் சோமாலியாவில் ஐநாவின் உணவு வேளாண்மை அமைப்பின் ஒரு பிரிவு ஆரம்பித்து வைத்தது, இன்று ஐபிசி என்ற பெயரில் பல நாடுகளில் பயன்படுகிறது. ஐந்து படி. ஒன்று பரவாயில்லை, இரண்டு அழுத்தம், மூன்று நெருக்கடி, நான்கு அவசரம், ஐந்து பேரழிவு. ஒரு வட்டாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு குடும்பங்கள் ஒரு படியிலோ அதைவிட மோசமாகவோ இருந்தால் அந்த வட்டாரத்துக்கே அந்தப் படி. பஞ்சம் என்று சொல்ல மூன்று சான்று கேட்பார்கள். ஐந்தில் ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடு அறவே இல்லை, குழந்தைகளில் நூற்றுக்கு 30 பேர் கடுமையாக மெலிந்திருக்கிறார்கள், பத்தாயிரம் பேரில் தினம் 2 பேர் சாகிறார்கள்.

அந்த மூன்றாவது சான்றை மறுபடி படித்துப் பாருங்கள். சாவை எண்ணி முடித்த பிறகுதான் பெயர் வைக்க முடியும். 2011 ஜூலை 20-இல் சோமாலியாவின் தெற்கில் இரண்டு வட்டாரங்களில் பஞ்சம் என்று ஐநா அறிவித்தது. மழை பொய்க்கப் போகிறது என்ற எச்சரிக்கை அதற்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே வந்துகொண்டிருந்தது. பிறகு செய்த ஆய்வில் ஏறத்தாழ 2,58,000 பேர் செத்தார்கள் என்று கணக்கு வந்தது, அதில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள். அறிவிப்பு வந்தபோதே சாவில் பாதியளவு நடந்து முடிந்திருந்தது. நான் இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரம் எனக்குப் படிக்கக் கொடுத்த கோப்பு அதுதான். அந்தக் கோப்பைப் படித்தவர்கள் யாரும் மூன்றாம் படியை ‘இன்னும் பஞ்சம் இல்லை’ என்று படிக்க மாட்டார்கள். ஆட்களை அனுப்ப, பணம் திரட்ட, கப்பலில் ஏற்ற மாதக்கணக்கு ஆகும். ஐநாவின் நிவாரணப் பொருள் கிடங்கு ஒன்று இங்கே சுபாங்கிலேயே இருக்கிறது. அங்கிருந்து விமானத்தில் ஏற்றினாலும் பாதை, அனுமதி, லாரி என்று நாள் ஓடும். மூன்றாம் படியில் கிளம்பினால்தான் ஐந்துக்கு முன்னால் போய்ச் சேரலாம்.

2022-இல் அது ஓரளவு நடந்தது. ஆப்பிரிக்காவின் கொம்பு நாடுகளில் (சோமாலியா, எத்தியோப்பியா, கென்யா) 2020 கடைசியிலிருந்து தொடர்ந்து ஐந்து மழைக்காலம் பொய்த்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் சோமாலியாவின் பைடோவா, புர்ஹகாபா வட்டாரங்களில் பஞ்சம் வரப்போகிறது என்று எச்சரிக்கை வந்தது. உதவி பெருகியது, பஞ்சம் என்ற பெயர் வைக்கும் நிலை வரவில்லை. அது தெரிந்த மாலை எங்கள் அலுவலகத்தில் நிம்மதியாக மூச்சு விட்டோம். அடுத்த மார்ச்சில் இன்னொரு கணக்கு வந்தது: 2022-இல் மட்டும் வறட்சியால் கூடுதலாக 43,000 பேர் இறந்திருக்கலாம், அதிலும் பாதி குழந்தைகள். பெயர் வைக்காத பஞ்சத்திலும் ஆள் சாகிறார்கள். அதற்குப் பிறகு ‘தவிர்க்கப்பட்டது’ என்ற சொல்லை என் அறிக்கைகளில் நான் எழுதுவதில்லை.

சரி, வானத்திலிருந்து பார்ப்பது பற்றிச் சொல்கிறேன். அதில்தான் நான் ஆரம்பித்தேன். செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு சதுரத்துக்கும் எவ்வளவு பச்சை என்று ஒரு எண் வரும். பல வருடச் சராசரியோடு அதை ஒப்பிடுவோம். பயிற்சிக்காகக் கெடா மாநிலத்தின் மூடா நெல் வயல்களைக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் அலறிப்போய் மேலதிகாரியிடம் ஓடினேன்: ஆயிரக்கணக்கான ஏக்கரில் பச்சை சரிகிறது, பயிர் செத்துக்கொண்டிருக்கிறது! அவர் ஒன்றும் சொல்லாமல் என்னை அந்த மாநிலத்தின் அலோர் ஸ்டாருக்கு அனுப்பினார். காரை விட்டு இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் பொன் நிறம். கதிர் முற்றித் தலைசாய்ந்து, அறுவடை இயந்திரம் ஒரு ஓரத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. வரப்பில் நின்றிருந்த மலாய்க்கார பாச்சிக் (மாமா) ஒரு கதிரை உருவி என் கையில் வைத்தார். விளைந்த பயிருக்கும் காய்ந்த பயிருக்கும் மேலிருந்து பார்த்தால் ஒரே எண் வரும். வித்தியாசம் எந்தத் தேதியில் வருகிறது என்பதில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து, எந்த ஊர்ப் படத்தைத் திறந்தாலும் முதலில் பக்கத்தில் அந்த ஊரின் விதைப்பு, அறுவடை நாட்காட்டியை வைத்துக்கொள்கிறேன்.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் ஆபத்தானது. கென்யாவின் பாரிங்கோ, எத்தியோப்பியாவின் அஃபார் பக்கம் வறட்சி உச்சத்தில் இருக்கும்போதும் படத்தில் ஆற்றோரம் பச்சையாகவே இருக்கும். மேய்ச்சல் இருக்கிறது என்று எழுதத் தோன்றும். ஆனால் களத்திலிருந்து பேசியவர்கள் மாடு விழுகிறது என்றார்கள். மாறி மாறிப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் கென்யாவில் இருக்கும் சக ஊழியர் போனில் படம் எடுத்து அனுப்பினார். அங்கே அதை மத்தெங்கே என்கிறார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது: சீமைக் கருவேலம். 2009-இல் அப்பாவோடு முதுகுளத்தூர் பக்கம் தாத்தாவின் ஊருக்குப் போனபோது கண்மாய் முழுக்க நின்ற அதே முள். வேர் ஆழத்துக்குப் போய்த் தண்ணீரை உறிஞ்சும், எந்த வெயிலிலும் பச்சை மாறாது, அடியில் புல்லை வளர விடாது. வானத்துக்குப் பச்சை, மாட்டுக்குப் பட்டினி. இராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வட்டாரத்தின் செடிகொடி தெரிந்த ஒருவரிடம் கேட்காமல் படத்தை மட்டும் வைத்து முடிவெழுதக் கூடாது என்று அந்த முள் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அப்புறம் சந்தை. வறட்சி வரும்போது என் கண் முதலில் ஒரு ஆட்டுக்கு எத்தனை கிலோ சோளம் என்ற கணக்குக்குப் போகும். மேய்ச்சல்காரக் குடும்பம் ஆட்டை விற்றுத்தான் தானியம் வாங்கும். மழை பொய்த்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வருவார்கள், ஆடும் மெலிந்திருக்கும், அதன் விலை விழும். அதே வாரம் சோளம் ஏறும். இரண்டையும் தனித்தனியே பார்த்தால் ‘கொஞ்சம் இறக்கம், கொஞ்சம் ஏற்றம்’ என்று தெரியும். வகுத்துப் பார்த்தால்தான் குடும்பத்தின் கஞ்சி பாதியாகிவிட்டது தெரியும். இன்னொன்று: கிடாயை விற்பது வழக்கம். குட்டி போடும் பெட்டையை விற்க வந்துவிட்டால் அந்தக் குடும்பம் அடுத்த வருடத்தையே விற்கிறது. சந்தையில் எது விற்கிறது என்பதையும் விலையோடு குறிக்கச் சொல்லிக் களத்தில் இருப்பவர்களிடம் மன்றாடியிருக்கிறேன்.

விலைப்பலகை பொய் சொல்லும் என்பதை நம்மூரிலேயே பார்த்தேன். 2023 ஜூலை 20-இல் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பர் முதல் தேதி இங்கே இறக்குமதி வெள்ளை அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3,200 வெள்ளிக்கு ஏறியது. உள்நாட்டு அரிசிக்கு 10 கிலோ 26 வெள்ளி என்ற உச்சவரம்பு அப்படியே இருந்தது. எல்லாரும் உள்நாட்டு அரிசிக்குத் தாவ, அது கடைத் தட்டிலிருந்தே காணாமல் போனது. எங்கள் தாமான் (குடியிருப்பு) மளிகைக் கடையில் விலைச்சீட்டு 26 என்று தொங்கியது, அதற்குக் கீழே வெறும் பலகை. அந்த ஒரு வாரம் யாராவது கணக்கெடுத்திருந்தால் ‘விலை மாறவில்லை’ என்று எழுதியிருப்பார்கள். அதனால் விலை எவ்வளவு என்று கேட்கும்போதே, இன்றைக்கு இருக்கிறதா, எத்தனை பை இருக்கிறது, ஒருவருக்கு எத்தனை தருகிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். மூன்றும் வேறு வேறு கேள்வி.

ஏமனில் இதைவிடக் கொடுமை. கோதுமையில் பெரும்பகுதி கப்பலில்தான் வர வேண்டும். கடையில் மாவு மூட்டை அடுக்கி இருக்கும், வாங்கப் பணம் இருக்காது. சாப்பாடு இல்லாமல் வரும் பசியைவிடச் சாப்பாட்டை வாங்க முடியாமல் வரும் பசிதான் பெரிது என்பதை அமர்த்தியா சென் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டினார். 1974-இல் வங்காளதேசத்தில் பஞ்சம் வந்தபோது அதற்கு முன்னும் பின்னும் உள்ள வருடங்களைவிடத் தலைக்கு அதிகத் தானியம் நாட்டில் இருந்தது. வெள்ளத்தில் வேலை போன கூலிக்காரர்களுக்குத்தான் அது எட்டவில்லை.

நம் கதையும் ஒரு பஞ்சத்தோடு சேர்ந்ததுதான். 1876-இல் தாது வருஷத்தில் தொடங்கி இரண்டு வருடம் சென்னை மாகாணத்தை அடித்த பஞ்சம். நிவாரண வேலையில் மண் சுமந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் அளவு தானியம் போதும் என்று ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்துச் சண்டை போட்டார். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1880-இல் ஒரு ஆணையம் அறிக்கை கொடுத்து, பஞ்ச விதிகள் எழுதப்பட்டன. அதில் எச்சரிக்கை அறிகுறிகள் என்று ஒரு பட்டியல் வரும். தானிய விலை ஏறுவது, திருட்டு கூடுவது, மாடுகளை வழக்கமில்லாத திசையில் ஓட்டிப் போவது, ஆட்கள் ஊர் ஊராக அலைவது, வெளிநாட்டுக்குக் கப்பலேறுவது, கடன் கொடுப்பவர் கையை மூடுவது, தர்மம் குறைந்து பிச்சைக்காரர் நடமாட்டம் கூடுவது. கடைசி மூன்றைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கப்பலேறியவர்களின் வழியில் வந்தவர்கள்தானே மலேசியத் தமிழரில் பலரும். கடன் நின்றது, கொடுக்கும் வீடு கொடுப்பதை நிறுத்தியது என்பதெல்லாம் ஒன்பதாவது மாடியில் நான் நோட்டில் எழுதிய அதே வரி.

குழந்தைகளின் கைச்சுற்றளவு நாடா பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை இங்கே பயன்படுத்திப் பார்த்து நான் தவறான முடிவுக்கு வந்தேன். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, இடது மேல்கையின் நடுவில் சுற்றிப் பார்ப்பது. 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே மஞ்சள், 11.5-க்குக் கீழே சிவப்பு. உயிராபத்தைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய கருவி இல்லை, அம்மாக்களே அளக்கலாம். அந்த அடுக்குமாடியில் 31 பிள்ளைகளுக்கு அளந்தேன், ஒரு மஞ்சள்கூட இல்லை. நல்லது என்று மூடி வைத்துவிட்டேன். பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர்தான், “கையை விடுங்க, கதவு நிலையில நிக்க வெச்சுப் பாருங்க” என்றார். நான்கு வயதுப் பிள்ளைகள் பலர் மூன்று வயது உயரம். கோலாலம்பூரின் மலிவுவிலை அடுக்குமாடிகளில் யுனிசெப் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 22 பேர் வளர்ச்சி குன்றியிருந்தார்கள். நாடா மெலிவைக் காட்டும், குட்டையாவதைக் காட்டாது. சோமாலியாவின் கருவியை அப்படியே செந்தூலுக்குக் கொண்டுவந்தால் செந்தூலின் நோய் தெரியாது.

இங்கே உதவுவது வேறு கணக்கு. ஏழு நாளில் எந்தெந்த உணவு எத்தனை நாள் என்று எழுதி, சோறு மீ வகைக்கு 2, பருப்புக்கு 3, காய்க்கு 1, பழத்துக்கு 1, மீன் இறைச்சி முட்டைக்கு 4, பாலுக்கு 4, எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் அரை அரை என்று பெருக்குவது. தினமும் மீ, சர்க்கரை போட்ட தே ஓ, எண்ணெய் என்றால் 14, 3.5, 3.5, ஆக 21. வயிறு நிறைந்திருக்கிறது, ஆனால் இது மோசமான பட்டியல். எண்ணெயும் சர்க்கரையும் தினம் புழங்கும் ஊர்களுக்கு 28 வரை மோசம், 42 வரை எல்லைக்கோடு. இதே வீட்டில் வாரம் இரண்டு நாள் முட்டை சேர்ந்தால் 8 கூடி 29. இரண்டு நாள் முட்டை ஒரு வீட்டைக் கோட்டுக்கு மேலே தூக்குகிறது. அதைப் பார்த்த பிறகு எங்கள் பையில் அரிசியைக் குறைத்து முட்டையையும் பருப்பையும் கூட்டினோம்.

இந்த வேலையில் எனக்குத் தூக்கம் கெட்டது 2024 பிப்ரவரியில். சூடானில் 2023 ஏப்ரலில் போர் மூண்டதிலிருந்து தொலைபேசியில்தான் பலரையும் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்த மாதம் நாட்டின் பெரும்பகுதியில் இணைப்பே போனது. என் திரையில் வட்டாரம் வட்டாரமாக வெளிறிச் சாம்பல் ஆனது. வரைபடத்தில் சாம்பல் நிறம் கண்ணை உறுத்தாது, அதுதான் அதன் கெடுதல். சிவப்பைப் பார்த்துப் பதறுகிற அதிகாரி சாம்பலைத் தாண்டிப் போய்விடுவார். நாங்கள் அந்த வாரமே சாம்பலை எடுத்துவிட்டுக் கறுப்புக் கோடு போட்டு, ‘கடைசியாகத் தகவல் வந்த தேதி’ என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் எழுதினோம். அந்த ஆண்டு ஆகஸ்டில் வட டார்ஃபூரின் ஸம்ஸம் முகாமில் பஞ்சம் உறுதியானது. லட்சக்கணக்கானோர் இருந்த முகாம். தொலைபேசிக் கணக்கெடுப்பில் எப்போதும் போன் வைத்திருப்பவர், சார்ஜ் போட முடிந்தவர் மட்டும்தான் பேசுவார். பதில் சொல்லாதவர் நன்றாக இருக்கிறார் என்று நினைத்துவிட்டால் எல்லாம் போச்சு. எதிர்வீட்டுப் பாட்டி அப்படித்தான் என் கையிலிருந்து நழுவினார்.

2025 ஜனவரி கடைசியில் வேறொரு சாம்பல். எத்தியோப்பியா, சூடான் பஞ்சங்களுக்குப் பிறகு 1985-இல் அமெரிக்கா தொடங்கிய ஃபியூஸ் நெட் என்ற எச்சரிக்கை அமைப்பின் பக்கங்கள், வெளிநாட்டு உதவியை நிறுத்தச் சொன்ன உத்தரவால் ஒரே நாளில் இருண்டன. எங்களைப் போன்றவர்கள் தினமும் காலையில் முதலில் திறப்பது அதைத்தான். அந்த வருடமே பிறகு திரும்ப வந்தது. ஆனால் அந்த மாதங்களில் நான் கற்றது: ஒரே கண்ணை நம்பி இருக்கக் கூடாது, வெளியாகும் தரவை வாரா வாரம் சொந்தமாகப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் தொண்டர்களுக்கும் இதே பேச்சுதான். ஒருவர் வேலை மாறிப் போனால் நோட்டும் அவரோடு போய்விடக் கூடாது. எங்கள் குழுவில் இப்போது இரண்டு நோட்டு, இரண்டு வீட்டில்.

பாட்டி இப்போது நன்றாக இருக்கிறார். சனிக்கிழமை நான் போனால் கேட்பதற்கு முன்னாலேயே அவரே வாளியைத் திறந்து காட்டிவிடுவார். அதைவிடப் பெரிய உதவி ஒன்று செய்கிறார்: அந்த மாடியில் யார் வீட்டில் குக்கர் சத்தம் எத்தனை நாளாகக் கேட்கவில்லை என்று அவருக்குத் தெரியும்.

போன சனிக்கிழமை, “ஏழாம் நம்பர் வீட்டைப் போய்ப் பாரும்மா, அந்தப் பொண்ணு கறிவேப்பிலை கேட்டுக்கூட வரல” என்றார். போனேன். கணவருக்கு லாரி வேலை நின்று மூன்று வாரம். பெரியவர்கள் விட்டுக்கொடுக்கும் நாலாவது கேள்வி அதற்கு முந்தைய மாதம் பூஜ்யம், இப்போது 2 நாள். மொத்தம் 11. இன்னும் நெருக்கடி எண் இல்லை. தேதியோடு இரண்டு நோட்டிலும் எழுதினோம். ஞாயிறு காலையில் 30 முட்டையும் இரண்டு கிலோ பருப்பும் அந்த வீட்டுக்குப் போனது, திங்கள்கிழமை எங்கள் குழுவில் ஒருவர் கணவரைச் சமூக நல அலுவலகத்துக்கு அழைத்துப் போனார்.